சாகினா பவர் ஸ்டீயரிங் எக்கியை மீளமைத்தல்

சாகினா பவர் ஸ்டீயரிங் எக்கி என்பது, ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சாகினா ஸ்டீயரிங் கியர் பிரிவு தயாரித்த, சிறகு வகை நீரழுத்த எக்கி (பம்ப்) ஆகும். இதன் 'பி' வகை 1960-களிலும் 1970-களிலும் செவ்ரொலே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக், கடிலாக் ஆகிய மகிழுந்துகளில் பரவலாகப் பொருத்தப்பட்டது. அமெரிக்கன் மோட்டார்ஸ், ஜீப், கிரைஸ்லர் போன்ற பிற நிறுவனங்களின் வண்டிகள் பலவற்றிலும் இதனைக் காணலாம். எக்கியைச் சுற்றியுள்ள தகரத் தொட்டி, பன்றியிறைச்சி அடைத்து விற்கப்படும் டப்பாவைப் போன்ற வடிவம் உடையதாகையால், அமெரிக்கப் பழுதுபார்ப்போர் இதனை 'ஹாம் டப்பா' எக்கி என்று அழைப்பது வழக்கம்.

இவ்வெக்கியைக் கழற்றித் தூய்மை செய்து, ரப்பர் பாகங்களைப் புதிதாக்கி, தேய்ந்த உலோகப் பாகங்களை மாற்றி, மீண்டும் பூட்டுவதே மீளமைத்தல் எனப்படும். பழைய மகிழுந்துகளைப் பேணுவோர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளுள் இதுவும் ஒன்று. எக்கி ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் முதுமையடைந்த ரப்பரே. அதனை மாற்றுவது எளிது. ஆனால் மீளமைத்த எக்கி நெடுநாள் உழைக்குமா என்பதை உள்ளே இருக்கும் உலோகப் பரப்புகளின் நிலையும், வேலையின்போது பேணப்படும் தூய்மையுமே முடிவு செய்கின்றன.

வரலாறு

நடைமுறைக்கு உகந்த முதல் நீரழுத்தப் பவர் ஸ்டீயரிங்கை உருவாக்கியவர் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஆவார். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் சரக்குந்துப் பிரிவில் பணியாற்றிய இவர், கனமான வண்டிகளைத் திருப்புவதற்கு ஓட்டுநர்கள் படும் பாட்டை நேரில் கண்டவர். 1926-ஆம் ஆண்டில் தம் அமைப்பை ஒரு பியர்ஸ்-ஆரோ மகிழுந்தில் பொருத்தி இயக்கிக் காட்டினார். பின்னர் ஜெனரல் மோட்டார்சுடன் இணைந்து பணியாற்றினார். எனினும் உற்பத்திச் செலவு மிகுதி என்பதால் அந்நிறுவனம் 1934-இல் அம்முயற்சியைக் கைவிட்டது. 1936-இல் அவர் பெண்டிக்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது கவச வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பயன்படுத்தப்பட்டது.

விற்பனைக்கு வந்த பயணியர் மகிழுந்துகளுள் முதன்முதலில் பவர் ஸ்டீயரிங்கைக் கொண்டிருந்தது 1951-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியல் ஆகும். மறு ஆண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் கடிலாக் வண்டிகளில் இதனை வழங்கத் தொடங்கியது. கனமான வி-8 பொறியை முன்பக்கத்தில் சுமந்த அமெரிக்க மகிழுந்துகளை, குறிப்பாக நிறுத்துமிடத்தில், கைவலிமையால் மட்டும் திருப்புவது கடினமாக இருந்தது. எனவே இவ்வசதி விரைவில் பரவியது.

சாகினா என்பது மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஒரு நகரம். அங்கிருந்த ஆலை, 1999-இல் டெல்பை நிறுவனத்துடன் ஜெனரல் மோட்டார்சிலிருந்து பிரிந்தது. 2009-இல் மீண்டும் ஜெனரல் மோட்டார்சிடம் வந்தது. 2010-இல் விற்கப்பட்ட அது, நெக்ஸ்டியர் ஆட்டோமோட்டிவ் என்ற பெயரில் இயங்குகிறது.

அமைப்பு

எக்கியின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. அதன் பின்பகுதி தகரத்தாலான எண்ணெய்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும். முன்பகுதியில் ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பொறியால் சுழற்றப்படும் வி வடிவ பெல்ட், தண்டின் மேலுள்ள கப்பியைச் சுழற்றும். உள்ளே அமைந்துள்ள முதன்மையான பாகங்கள் பின்வருமாறு:

- தண்டு: ஒரு புஷ்ஷின் மேல் சுழலும். அதன் உள்முனையில் நீள்பற்கள் வெட்டப்பட்டிருக்கும்.
- சுழலி: தண்டின் நீள்பற்களில் பொருந்தும் வட்டமான பாகம். இதன் விளிம்பில் பத்துப் பிளவுகள் உள்ளன.
- சிறகுகள்: சுழலியின் பிளவுகளில் வழுக்கி நகரும் பத்துச் சிறு எஃகுத் துண்டுகள்.
- எக்கி வளையம்: சுழலியைச் சூழ்ந்துள்ள கனத்த வளையம். வெளிப்புறம் வட்டமாகவும் உட்புறம் நீள்வட்டத்தை ஒத்தும் இருக்கும்.
- முன்தட்டும் அழுத்தத் தட்டும்: சுழலியையும் வளையத்தையும் இருபுறமும் மூடும் தட்டுகள். எண்ணெய் நுழையவும் வெளியேறவும் வேண்டிய வாயில்கள் இவற்றில் உள்ளன.
- ஊசிகள்: தட்டுகளும் வளையமும் திரும்பிவிடாமல் நிறுத்தும் இரண்டு சிறு உருளை ஊசிகள்.
- பின்மூடி: ஒரு சுருள்வில்லுடனும் ஒரு பிடிவளையத்துடனும் உடலின் பின்வாயை அடைக்கும் மூடி.
- ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு: தனியான ஒரு குழியில், சுருள்வில்லின் மேல் நகரும் உருளை வடிவ வால்வு. உச்ச அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சிறு குண்டு இதற்குள்ளேயே அடங்கியுள்ளது.
- காந்தம்: எண்ணெயில் கலந்த இரும்புத் துகள்களைப் பிடித்து வைப்பது.

இவை தவிர, தண்டு வெளிவரும் இடத்தில் ஓர் ஆயில் சீலும், தொட்டி, பின்மூடி, அழுத்தத் தட்டு, பின்புறத் திருகாணிகள், வெளியேற்று இணைப்பு ஆகிய இடங்களில் வெவ்வேறு அளவுள்ள ஓ-வளையங்களும் உள்ளன.

இயங்கும் முறை

சுழலி சுழலும்போது மையவிலக்கு விசையாலும், சிறகுகளின் அடியில் வந்து சேரும் எண்ணெயின் அழுத்தத்தாலும் சிறகுகள் வெளியே தள்ளப்பட்டு, வளையத்தின் உட்பரப்பை உரசியபடி நகர்கின்றன. வளையத்தின் உட்புறம் நீள்வட்டமாக இருப்பதால், அடுத்தடுத்த இரு சிறகுகளுக்கு இடையேயுள்ள அறை ஒரு சுற்றுக்கு இருமுறை விரிந்து இருமுறை சுருங்குகிறது. விரியும்போது தொட்டியிலிருந்து எண்ணெய் உள்ளே வருகிறது. சுருங்கும்போது அது அழுத்தத்துடன் வெளியேற்றப்படுகிறது.

அழுத்தம் மிகுந்த இரண்டு அறைகளும் தண்டுக்கு நேரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருப்பதால் அவற்றின் விசைகள் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன. எனவே உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் அது தண்டைப் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. தண்டின் புஷ் தாங்கும் சுமை பெரும்பாலும் பெல்ட்டின் இழுவையே. பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் புஷ்ஷும் ஆயில் சீலும் விரைவில் கெடுவதற்கு இதுவே காரணம்.

அழுத்தத் தட்டின் பின்புறத்திலும் அழுத்தமுள்ள எண்ணெய் நிரம்பியிருக்கும். அது தட்டைச் சுழலியை நோக்கித் தள்ளி, இடைவெளியை மிகச் சிறியதாக வைத்திருக்கிறது. எண்ணெயால் ஆன மெல்லிய படலம் ஒன்றே இப்பரப்புகளைப் பிரிக்கிறது. ஒரு மணல் துகள் இவ்விடைவெளியில் புகுந்தாலும் அது பரப்பைக் கீறிவிடும். கீறலின் வழியே எண்ணெய் பின்னோக்கிக் கசியும். எக்கியின் அழுத்தம் குறையும்.

எக்கியின் வேகம் பொறியின் வேகத்தைப் பொறுத்தது. ஆனால் மிகுதியான உதவி தேவைப்படுவது வண்டி மெதுவாக நகரும்போதுதான். இம்முரண்பாட்டை ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு தீர்க்கிறது. வெளியேற்று இணைப்பில் ஒரு குறுகிய துளை உண்டு. ஓட்டம் மிகும்போது அத்துளைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு மிகுகிறது. அவ்வேறுபாடு வால்வைச் சுருள்வில்லுக்கு எதிராக நகர்த்தி, தேவைக்கு மேற்பட்ட எண்ணெயை எக்கியின் உள்வாயிலுக்கே திருப்பிவிடுகிறது.

ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி நிறுத்தும்போது எண்ணெய் செல்வதற்கு வழியின்றி அழுத்தம் உயரும். குறித்த அளவை எட்டியதும் வால்வினுள் உள்ள குண்டு திறக்கிறது. அதனால் வால்வின் பின்பக்க அழுத்தம் விழுந்து, வால்வு முழுவதும் திறந்துகொள்கிறது. இவ்வளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். பொதுவாக அது சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு (ஏறத்தாழ 70 பார்) என்ற அளவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். உருவத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரு எக்கிகள், வால்வு வேறுபட்டால் வெவ்வேறு வண்டிகளுக்கு உரியவையாகும்.

பழுதின் அறிகுறிகள்

எக்கியைக் கழற்றும் முன், பழுது அதில்தான் உள்ளதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பொதுவான அறிகுறிகளும் காரணங்களும் வருமாறு:

1. கப்பியின் பின்னால் எண்ணெய் தெறித்திருத்தல்: ஆயில் சீல் தேய்ந்துள்ளது; அல்லது புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது.
2. தொட்டியின் முன்விளிம்பில் ஈரம்: தொட்டியின் பெரிய ஓ-வளையம் இறுகிப்போயுள்ளது.
3. பின்புறத்தில் கசிவு: திருகாணிகளின் ஓ-வளையங்கள் அல்லது வெளியேற்று இணைப்பின் ஓ-வளையம் கெட்டுள்ளது.
4. முனகல் ஒலியும் எண்ணெயில் நுரையும்: எண்ணெய் குறைந்து காற்று உட்புகுந்துள்ளது.
5. எண்ணெய் சரியாக இருந்தும் உறுமல் ஒலி: வளையம், சிறகுகள் அல்லது தட்டுகள் தேய்ந்துள்ளன.
6. விட்டுவிட்டு வரும் கனம்: கட்டுப்பாட்டு வால்வு அழுக்கால் சிக்கிக்கொள்கிறது, அல்லது பெல்ட் வழுக்குகிறது.

ஸ்டீயரிங்கை எல்லை வரை திருப்பும்போது எழும் 'உஸ்' என்ற ஒலி, வால்வு திறப்பதால் எழுவது. அது பழுது அன்று. எண்ணெய் மேலிருந்து கீழ்நோக்கி வழிவதால், கசிவின் தொடக்கத்தைக் கண்டறிவதற்கு எக்கியை முதலில் நன்கு துடைத்து, சிறிது நேரம் பொறியை ஓடவிட்டுப் பார்ப்பதே முறை.

அழுத்தச் சோதனை

எக்கிக்கும் ஸ்டீயரிங் கியர் பெட்டிக்கும் இடையே ஓர் அழுத்தமானியையும் அடைப்பு வால்வையும் இணைத்து எக்கியைச் சோதிக்கலாம். அழுத்தமானி எக்கியின் பக்கம் இருக்க வேண்டும். எண்ணெய் இயல்பான வெப்பநிலையை அடைந்து, பொறி மெதுவாக ஓடும்போது, அடைப்பு வால்வு முழுவதும் திறந்த நிலையில் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 125 பவுண்டு வரை இருக்கலாம். இது 200 பவுண்டைத் தாண்டினால் குழாய்களில் அடைப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

பின்னர் அடைப்பு வால்வை மும்முறை முழுவதும் மூடித் திறந்து, ஒவ்வொரு முறையும் எட்டிய உச்ச அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவையில் ஐந்து வினாடிகளுக்கு மேல் வால்வை மூடி வைத்தல் கூடாது. எக்கி உள்ளேயே சூடேறிக் கெட்டுவிடும். முடிவுகளைப் பின்வருமாறு பொருள் கொள்ளலாம்:

- மூன்று அளவுகளும் வண்டிக்குரிய வரம்புக்குள், ஒன்றுக்கொன்று 50 பவுண்டுக்குள் இருந்தால் எக்கி நன்றாக உள்ளது. ரப்பர் பாகங்களை மட்டும் மாற்றினால் போதும்.
- அளவுகள் உயர்ந்திருந்தும் 50 பவுண்டுக்கு மேல் வேறுபட்டால் கட்டுப்பாட்டு வால்வு சிக்குகிறது.
- அளவுகள் ஒன்றுபோல் இருந்து, வரம்பின் கீழெல்லையைவிட 100 பவுண்டுக்கு மேல் குறைந்தால் முதலில் வால்வை மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் குறைந்தால் சுழலி, சிறகுகள், வளையம் ஆகியவற்றை மாற்ற வேண்டும்.

எக்கி சரியான அழுத்தம் தந்தும், அடைப்பு வால்வு திறந்த நிலையில் ஸ்டீயரிங்கை எல்லை வரை திருப்பும்போது அவ்வழுத்தம் எட்டப்படாவிடில், கசிவு கியர் பெட்டிக்குள் உள்ளது. அந்நிலையில் எக்கியை மீளமைப்பது வீண் வேலையாகும்.

தேவையான கருவிகளும் உதிரிகளும்

இவ்வெக்கிக்குரிய சீல் தொகுதி இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது. அதில் ஆயில் சீலும் எல்லா ஓ-வளையங்களும் அடங்கியிருக்கும். ஓ-வளையங்களுள் சில, அளவில் மிகச் சிறிதளவே வேறுபடும். எனவே பழையவற்றைத் தூக்கி எறியாமல், புதியவற்றுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கருவிகளுள் இன்றியமையாதது கப்பியைக் கழற்றவும் ஏற்றவும் உதவும் தனி புல்லர் ஆகும். முற்கால எக்கிகளில் கப்பி ஒரு சாவித்துண்டாலும் நட்டாலும் நிறுத்தப்பட்டிருக்கும். பிற்கால எக்கிகளில் அது தண்டின் மேல் இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். இவ்விரண்டாம் வகையில் சுத்தியலைப் பயன்படுத்தவே கூடாது. தண்டின் மேல் விழும் ஒவ்வோர் அடியும் உள்ளே உள்ள தட்டுகளையும் சுழலியையும் தாக்கும். ஸ்பேனர்கள், வைஸ், மெல்லிய துளைக்கோல், மரக்கட்டை அல்லது நெகிழித் தடி, பஞ்சிழை உதிராத துணி, மண்ணெண்ணெய், மிக நுண்ணிய உப்புத்தாள் ஆகியன பிற தேவைகள்.

கழற்றுதல்

1. எக்கியின் வெளிப்புறத்தை, குழாய்களைப் பிரிக்கும் முன்னரே நன்கு கழுவ வேண்டும். வெளியிலுள்ள மண்ணே உள்ளே செல்லும் முதல் பகை.
2. பெல்ட்டைத் தளர்த்தி, குழாய்களைக் கழற்றி, எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்து, எக்கியை வண்டியிலிருந்து இறக்க வேண்டும். வடித்த எண்ணெயை ஒரு காந்தத்தால் துழாவிப் பார்த்தால் உள்ளே நேர்ந்துள்ள தேய்மானம் ஓரளவு தெரியும்.
3. புல்லரால் கப்பியைக் கழற்ற வேண்டும்.
4. எக்கியை வைஸில் பிடிக்கும்போது மென்மையான தாடைகளைப் பயன்படுத்தி, இலேசாகவே இறுக்க வேண்டும். மிகுதியாக இறுக்கினால் புஷ் வட்டம் இழந்துவிடும்.
5. பின்புறத்திலுள்ள வெளியேற்று இணைப்பையும் திருகாணிகளையும் கழற்றி, தொட்டியை மெல்ல அசைத்து உடலிலிருந்து பிரிக்க வேண்டும். தொட்டி மெல்லிய தகரமாதலால் நெம்பினால் நெளிந்துவிடும்.
6. வெளியேற்று இணைப்பு இருந்த குழியிலிருந்து கட்டுப்பாட்டு வால்வும் அதன் சுருள்வில்லும் வெளிவரும். வால்வின் எம்முனை உள்ளே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
7. பின்மூடியின் பிடிவளையத்தை எடுப்பதற்காக உடலின் பக்கவாட்டில் 1/8 அங்குலத் துளை ஒன்று உள்ளது. அதன் வழியே துளைக்கோலைச் செலுத்தி வளையத்தை உள்நோக்கித் தள்ளி, திருப்புளியால் வெளியே எடுக்க வேண்டும். பின்மூடி சுருள்வில்லின் விசையால் மேலெழும். அது சிக்கியிருந்தால் இலேசாகத் தட்டலாம்.
8. தண்டின் கப்பி முனையை மென்சுத்தியலால் மெல்லத் தட்டினால் தட்டுகள், வளையம், சுழலி ஆகியவை தண்டுடன் பின்வழியே வெளிவரும். சிறகுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.
9. இறுதியாக ஆயில் சீலை, அதன் இருக்கையில் கீறல் விழாதவாறு நெம்பி எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலும் திசையிலும் ஒரு வெள்ளைத் துணியின் மேல் அடுக்கி வைத்தல் நல்லது. ஒவ்வொரு படியிலும் புகைப்படம் எடுத்துக்கொண்டால் பூட்டும்போது ஐயம் எழாது.

உலோகப் பாகங்களை ஆய்தல்

மீளமைப்பின் முதன்மையான கட்டம் இதுவே. ரப்பரை மட்டும் மாற்றிப் பூட்டப்பட்ட எக்கி சில வாரங்களில் மீண்டும் ஒழுகினால், இக்கட்டத்தில் ஏதோவொன்று கவனிக்கப்படாமல் விடப்பட்டிருக்கும்.

வளையத்தின் உட்பரப்பு பளபளப்பாக இருப்பது இயல்பு. அதில் அலை அலையான தடங்களோ, ஆழ்ந்த கோடுகளோ காணப்பட்டால் வளையம் பயன்படாது. சிறகுகள் பிளவுகளில் தங்கள் எடையாலேயே தடையின்றி நழுவ வேண்டும். சுழலியின் பக்கங்களிலும் இரு தட்டுகளிலும் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் நகத்துக்குத் தட்டுப்படாத தடங்கள் பொதுவாகத் தீங்கற்றவை. நகம் சிக்கும் கீறல் அழுத்தத்தைக் குறைக்கும். சுழலி, சிறகுகள், வளையம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தவை. எனவே அவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றாமல் மூன்றையும் ஒரு தொகுதியாக மாற்றுவதே முறையாகும்.

தண்டில் ஆயில் சீலின் உதடு படும் இடத்தை ஆராய வேண்டும். அங்கே துரு இருந்தால் நுண் உப்புத்தாளால் தண்டைச் சுற்றிய திசையில் மெருகேற்றலாம். ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் தண்டை மாற்ற வேண்டும். பின்னர் தண்டைப் புஷ்ஷினுள் செருகிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் கையால் உணரக்கூடிய அளவு இருந்தால் புதிய ஆயில் சீல் எத்துணைத் தரமானதாயினும் அங்கு நிலைக்காது.

கட்டுப்பாட்டு வால்வு தன் குழியில், எண்ணெய் தடவிய நிலையில், எளிதாக வழுக்க வேண்டும். அதன் விளிம்புகளில் பிசிறு இருந்தால் நுண் உப்புத்தாளால் மிக இலேசாக நீக்கலாம். விளிம்புகளின் கூர்மையை மழுக்குதல் கூடாது. வால்வின் முனையில் உள்ள அறுகோணத் திருகின் கீழ் மெல்லிய தகட்டு வளையங்கள் உண்டு. உச்ச அழுத்தத்தை நிர்ணயிப்பவை இவையே. அழுத்தத்தைக் கூட்டும் நோக்கில் இவற்றை மாற்றுவது குழாய் வெடிப்பதற்கு வழி வகுக்கும்.

பூட்டுதல்

எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, புதிய ஸ்டீயரிங் எண்ணெய் தடவ வேண்டும். காந்தத்தில் ஒட்டிய துகள்களைத் துடைத்தெடுக்க வேண்டும்.

1. ஆயில் சீலை, அதன் சுருள்வில் உள்ள உதடு எண்ணெயை நோக்கி, அதாவது உள்நோக்கி இருக்குமாறு வைத்து, ஏற்ற விட்டமுள்ள சாக்கெட்டால் நேராக அழுத்த வேண்டும்.
2. தண்டைச் செருகும்போது அதன் சாவிப்பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்கக்கூடும். பள்ளத்தின் மேல் மெல்லிய நெகிழித் தாளைச் சுற்றி, எண்ணெய் தடவிச் செலுத்தினால் இது நேராது.
3. அழுத்தத் தட்டின் ஓ-வளையத்தை உடலின் உட்காடியில் அமர்த்தி, ஊசிகளைச் செருக வேண்டும்.
4. முன்தட்டின் வாயில்கள் உள்ள முகம் பின்புறம், அதாவது சுழலியை நோக்கி இருக்க வேண்டும். சுழலியைக் கழற்றியபோது இருந்த திசையிலேயே வைக்க வேண்டும்.
5. எக்கி வளையத்தின் மேலுள்ள அம்புக்குறி பின்புறத்தை நோக்கித் தெரியுமாறு வளையத்தை ஊசிகளின் மேல் இறக்க வேண்டும்.
6. சிறகுகளின் ஒரு விளிம்பு வட்டமாகவும் மற்றொன்று தட்டையாகவும் இருக்கும். வட்டமான விளிம்பே வெளிப்புறம், வளையத்தைத் தொடும் பக்கம், இருக்க வேண்டும். ஒரு சிறகு மாறிப் பொருத்தப்பட்டாலும் வளையம் கீறப்படும்.
7. அழுத்தத் தட்டை, வாயில்கள் வளையத்தை நோக்கியிருக்குமாறு ஊசிகளின் மேல் வைத்து, விளிம்பில் மரக்கட்டையால் அழுத்தி ஓ-வளையத்துக்குள் அமர்த்த வேண்டும். தட்டின் நடுவில் அழுத்தினாலோ தட்டினாலோ அது நிலையாக வளைந்துவிடும்.
8. சுருள்வில்லையும் ஓ-வளையத்துடன் பின்மூடியையும் வைத்து, நேராக அழுத்திப் பிடிவளையத்தை அதன் காடியில் பொருத்த வேண்டும். வளையம் முழுச்சுற்றும் காடியில் அமர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் அழுத்தம் முழுவதையும் எதிர்த்து நிற்பது இவ்வளையமே.
9. கட்டுப்பாட்டு வால்வுக் குழியில் முதலில் சுருள்வில்லையும், பின்னர் அறுகோணத் திருகு உள்ளே செல்லுமாறு வால்வையும் இட வேண்டும்.
10. புதிய ஓ-வளையங்களுடன் தொட்டியையும் திருகாணிகளையும் வெளியேற்று இணைப்பையும் பூட்ட வேண்டும்.
11. கப்பியை அதற்குரிய கருவியால் திருகி ஏற்ற வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் தண்டைக் கையால் சுழற்றிப் பார்ப்பது நல்லது. தண்டு சீராகச் சுழலாது எங்கேனும் தடைப்பட்டால், மேற்செல்லாமல் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் நிரப்புதலும் காற்றை நீக்குதலும்

பழைய எக்கியின் உலோகத் துகள்கள் குழாய்களிலும் கியர் பெட்டியிலும் தங்கியிருக்கும். அவை மீளமைத்த எக்கிக்குத் திரும்பி வந்தால் செய்த வேலை அனைத்தும் வீணாகும். எனவே திரும்புகுழாயைத் தொட்டியில் இணைக்காமல் ஒரு பாத்திரத்தில் விட்டு, தொட்டியின் துளையை அடைத்து, புதிய எண்ணெயை ஊற்றிக்கொண்டே சிறிது நேரம் எக்கியை இயக்கிக் கழிவு எண்ணெயை வெளியேற்ற வேண்டும். தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்வதற்கு இருவர் தேவை.

பின்னர் குழாயை இணைத்து, எண்ணெய் நிரப்பி, இரண்டு நிமிடம் அசையாமல் விட வேண்டும். பொறியை இரண்டு வினாடிகள் மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, குறைந்த எண்ணெயை நிரப்ப வேண்டும். எண்ணெய் மட்டம் குறையாத வரை இதனைத் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்து வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, பொறியை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்ப வேண்டும். எல்லையில் அழுத்திப் பிடித்தல் கூடாது. எண்ணெய் நுரைத்துப் பால் போலத் தோன்றினால் அதில் காற்று உள்ளது என்று பொருள். சில நிமிடம் காத்திருந்து மீண்டும் செய்ய வேண்டும்.

பெல்ட்டை இறுக்கும்போது தகரத் தொட்டியின் மேல் கம்பியை வைத்து நெம்புதல் கூடாது. தொட்டி நசுங்கி, புதிய ஓ-வளையத்தின் வழியே கசியத் தொடங்கும்.

எண்ணெய்த் தேர்வு

இவ்வண்டிகளுள் பழையவை தானியங்கிப் பல்லிணைப்பெட்டி எண்ணெயைப் பயன்படுத்தின. பிற்கால வண்டிகளுக்குத் தனி பவர் ஸ்டீயரிங் எண்ணெய் பரிந்துரைக்கப்பட்டது. வண்டியின் கையேடு கூறுவதைப் பின்பற்றுவதே சரி. எந்நிலையிலும் பிரேக் எண்ணெயை ஊற்றுதல் கூடாது. கிளைக்கால் வகையைச் சேர்ந்த பிரேக் எண்ணெய், கனிம எண்ணெய்க்காக அமைந்த நைட்ரைல் ரப்பரைக் கெடுத்துவிடும். தவறுதலாக ஊற்றப்பட்டால் எக்கியின் சீல்கள் மட்டுமன்றி, கியர் பெட்டியின் சீல்களும் குழாய்களும் கெட்டுப்போகும்.

எச்சரிக்கைகள்

- ஒழுகும் எண்ணெய் சூடான புகைபோக்கிக் குழாயின் மேல் விழுந்தால் தீப்பற்றக்கூடும். சிறு கசிவு என்று விட்டுவைத்தல் கூடாது.
- எக்கியை மீளமைக்கும்போது உயர் அழுத்தக் குழாய் விரிசலுற்றிருந்தால் அதனையும் மாற்ற வேண்டும்.
- பொறி ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடுதல் ஆபத்தானது. ஊசித்துளை வழியே உயர் அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். இது உடனடியாக மருத்துவமனையில் கவனிக்கப்பட வேண்டிய காயமாகும்.
- மண்ணெண்ணெய் எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பின்றிப் பயன்படுத்த வேண்டும்.
- எக்கி செயலிழந்தாலும் சக்கரங்களைத் திருப்ப முடியும். ஆனால் திடீரெனக் கனக்கும். எனவே முதல் ஓட்டத்தை ஆளற்ற இடத்தில், குறைந்த வேகத்தில் மேற்கொள்ள வேண்டும்.

வீட்டில் மீளமைக்கத் தகாத நிலைகள்

புஷ் தேய்ந்து தண்டு ஆடுதல், உடலின் வார்ப்பில் விரிசல், வால்வுக் குழியில் ஆழ்ந்த கீறல் ஆகியவை காணப்பட்டால் ரப்பர் மாற்றுவதால் பயனில்லை. புஷ்ஷை மாற்றி அளவுக்குக் கடைவதற்கு அழுத்தப்பொறியும் கடைசல் கருவிகளும் வேண்டும். அந்நிலையில் நல்ல உடலுள்ள மற்றொரு பழைய எக்கியைத் தேடி, இரண்டிலுமுள்ள நல்ல பாகங்களைக் கொண்டு ஒன்றை உருவாக்குவோர் உண்டு.

ஆலைகளில் மீளமைக்கப்பட்ட எக்கியை வாங்குவது மற்றொரு வழி. ஆயினும் அவற்றில் பல வண்டிகளின் பாகங்கள் கலந்திருக்கக்கூடும். தொட்டியின் வடிவமும், கப்பி ஏற்றும் முறையும், உச்ச அழுத்தமும் தம் வண்டிக்குப் பொருந்துகின்றனவா என்று வாங்குவோர் சரிபார்க்க வேண்டும். பழைய எக்கியை மாற்றாகக் கொடுத்துவிடும் முன், அதன் தொட்டியையும் கட்டுப்பாட்டு வால்வையும் எடுத்து வைத்துக்கொள்வது பயன் தரும்.

இன்றைய நிலை

1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 'பி' வகை எக்கியின் இடத்தைச் சிறிய, எடை குறைந்த எக்கிகள் படிப்படியாகப் பிடித்தன. 1988-இல் சுசுகி செர்வோ மகிழுந்தில் மின்சாரப் பவர் ஸ்டீயரிங் அறிமுகமானது. அதன் பின் எக்கியும் எண்ணெயும் தேவைப்படாத அம்முறை மெல்லப் பரவி, இன்று பெரும்பாலான புதிய மகிழுந்துகளில் இடம்பெற்றுள்ளது. மின்சார முறையில் பழுதான பகுதி பெரும்பாலும் முழுமையாகவே மாற்றப்படுகிறது. பிடிவளையம் ஒன்றைக் கழற்றினால் தன் உள்ளமைப்பு முழுவதையும் காட்டிவிடும் 'பி' வகை எக்கி, நீரழுத்தப் பொறியியலைக் கையால் தொட்டுக் கற்பதற்கும் ஏற்ற கருவியாக உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- பவர் ஸ்டீயரிங்
- சிறகு எக்கி
- நீரழுத்தவியல்
- ஓ-வளையம்
- மகிழுந்து